டெல்லி பார்த்தாச்சு

மாரிசெல்வத்துக்கு வலது தோளில் பிடித்த வலி பிடரி வழியாக ஏறி, காதுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. இருபத்திரண்டு வருஷம் மூட்டை சுமந்த தோள். உளுந்து, பாசி, மக்காச்சோளம், வத்தல் என்று கரிசக்காடு எதை விளைவித்தாலும் கோவில்பட்டி குடோன்களில் அது இப்படிப்பட்ட தோள்கள் வழியாகத்தான் லாரி ஏறும். வலி அவருக்குப் புதிதல்ல. ஆனால் அந்தப் பங்குனியில் வந்த வலிக்கு ஒரு தனிக் குணம் இருந்தது. கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்தால் வலிக்காது. இறக்கினால் வலிக்கும். ஆகவே வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஒரு கையை உயர்த்தியபடியே உட்கார்ந்திருந்தார். சாப்பிடும்போது மட்டும் இறக்கினார்.

"வாத்தியாரு கேள்வியா கேக்காரு, கையைத் தூக்கிட்டே இருக்கீங்க?" என்றாள் மனைவி வேலுத்தாய்.

"இறக்குனா வலிக்குதுட்டி."

"பத்து நாளு மூட்டையத் தொடாம இருந்தாத்தான் தீரும். வீட்ல இருந்தா நீங்க சும்மா இருக்கப் போறதில்ல, குடோன் வாசல்ல போயி நிப்பீங்க. எங்கியாச்சும் தூரமாப் போயிருவோம்."

"எங்கன?"

வேலுத்தாய் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற வேலை பார்க்கிறவள். அவள் போன தூரம் திருச்செந்தூர் வரைக்கும்தான். வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை. டெல்லிக்குப் போகிற வண்டி அவள் துணி காயப்போடும் கயிற்றை ஆட்டிவிட்டுப் போகும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பத்தொன்பது வருஷமாக அந்த வண்டியின் கடைசிப் பெட்டியை அவள் பார்த்திருக்கிறாள்.

"டெல்லிக்கு" என்றாள், கடைக்குப் போய் உப்பு வாங்கி வரச் சொல்கிற மாதிரி.

மகள் காவியா பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருந்தாள். ஜூன் ஒன்றாம் தேதி திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, விடுதியில் தங்க வேண்டும். மூன்று வருஷ ஒப்பந்தம். தீபாவளிக்கு நாலு நாள், பொங்கலுக்கு நாலு நாள் விடுவார்களாம். மூன்று பேரும் சேர்ந்து எங்கேயாவது போவதென்றால் இந்தக் கோடைக்குள் போனால்தான் உண்டு. அதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. காவியா பழைய நோட்டு ஒன்றை எடுத்து, பார்க்க வேண்டிய இடங்களை எழுத ஆரம்பித்தாள். செங்கோட்டை, குதுப்மினார், இந்தியா கேட்.

"பூமிக்கடியில ரயில் போகுதாமே, அதையும் எழுதுட்டி" என்றாள் வேலுத்தாய். "நம்ம ஊர்ல எண்ணூறு அடி போர் போட்டாலும் புகைதான் வருது. அவியளுக்கு மட்டும் எப்படிக் கீழ ரயிலே ஓடுதுன்னு பாக்கணும்."

மூன்று பேர் டெல்லி போய் வரக் கையில் காசில்லை. ஆனால் உழைப்போர் உவகை வாரியம் இருந்தது. சுமக்கிற ஒவ்வொரு மூட்டைக்கும் கூலியில் இரண்டு பைசா பிடித்து, அந்தப் பைசாவைக் கொண்டு உழைப்பாளிகளுக்கு மகிழ்ச்சி அளிப்பதற்காக ஏற்பட்ட வாரியம் அது. பதினோரு வருஷத்தில் அது அளித்த மகிழ்ச்சி ஒரு சுவர்க் கடிகாரம். அதையும் வாரிய அலுவலகத்திலேயே மாட்டியிருந்தார்கள். இந்த வருஷம் 'தலைநகர் தரிசனம்' என்று ஒரு திட்டம் போட்டு, குடோன் சுவரில் தாள் ஒட்டியிருந்தார்கள். நாற்பது குடும்பங்களுக்கு ஒன்பது நாள் டெல்லி. ரயில், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் வாரியச் செலவு.

மாரிசெல்வம் தன் கூட்டத்துத் தலைவர் கருத்தையாவிடம் போய் நின்றார்.

கருத்தையா கூட்டத்தில் எட்டுப் பேர். குடோனிலிருந்து ஒரு மூட்டையைச் சுமந்து லாரியில் சேர்ப்பது ஒரு நடை. ஆளுக்கு ஒரு நாளைக்கு எழுபது நடை. ஒருத்தர் வராவிட்டால் அவருடைய எழுபதை மற்ற ஏழு பேரும் பத்துப் பத்தாகப் பிரித்துச் சுமந்துவிடுவார்கள். அவர் கூலி குறையாது. திரும்பி வந்ததும் அந்த நடைகளைத் தன் பங்குக்கு மேலே சுமந்து கழிக்க வேண்டும். இதை யாரும் எழுதி வைப்பதில்லை. யாரும் மறப்பதும் இல்லை.

"டெல்லியாலே?" என்றார் கருத்தையா. "போயிட்டு வா. ஒம்பது நாளுக்கும் நாங்க சுமக்கோம். ஆனா ஒண்ணு, அந்த ஆபீசுக்கு அலையிற நாளும் நாளுதான். அதுவும் சேர்ந்துரும்."

"அது என்ன அண்ணாச்சி, ஒரு நாளு அலையணும்."

மாவட்ட உவகை அலுவலகம் ஒரு கடலைமிட்டாய்க் கடையின் மாடியில் இருந்தது. வாசலில் 'உவகை அலுவலகம்' என்று பெரிதாகவும், அதற்குக் கீழே 'அனாவசியமாகச் சிரிக்காதீர்' என்று சிறிதாகவும் எழுதியிருந்தது. வேலை முடிந்து போன மாரிசெல்வத்திடம் உதவியாளர் பிரேமலதா விண்ணப்பத்தை நீட்டினார். பதினான்கு பக்கம்.

"ரெண்டு டாக்டர் சர்டிபிகேட் வேணும் அண்ணாச்சி. ஒண்ணு களைப்புச் சான்று. நீங்க உழைச்சுக் களைச்சுப் போயிட்டீங்கன்னு. களைக்காதவியளுக்குத் திட்டம் கிடையாது."

"சரிம்மா. இன்னொண்ணு?"

"பயணத் தகுதிச் சான்று. களைப்பு ஒண்ணும் இல்லை, திடமா இருக்கீங்கன்னு. களைச்சவியளை ரயில்ல ஏத்த மாட்டோம். ரெண்டும் ஒரே தேதியில இருக்கணும்."

மாரிசெல்வம் மறுநாள் குடோனுக்குப் போகாமல் டாக்டரம்மா ரூபியின் கிளினிக்கில் போய்க் காத்திருந்தார். ரூபி இரண்டு படிவத்தையும் படித்தார். பிறகு இவரைப் பார்த்தார். தூக்கிய கையையும் பார்த்தார்.

"காலையில ஒம்பது மணிக்குக் களைப்புன்னு எழுதுதேன். பதினோரு மணிக்குத் திடம்னு எழுதுதேன். நடுவுல ரெண்டு மணி நேரம் என்ன பண்ணுனீங்கன்னு கேட்டா?"

"இங்கனதான் பெஞ்சுல இருந்தேன்னு சொல்லுதேன் டாக்டரம்மா."

"நல்லது. அதையும் எழுதிருதேன். அந்தத் தோளுக்கு மாத்திரை எழுதட்டுமா?"

"இப்ப வேண்டாம்மா. குணமாயிருச்சுன்னா களைப்புச் சான்று செல்லாமப் போயிரும்."

அடுத்தது 'முன்னர் காணாமைச் சான்று'. விண்ணப்பதாரர் இதற்கு முன் டெல்லியைப் பார்த்ததில்லை என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதித் தர வேண்டும். அலுவலர் நியாயமான மனிதர். பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"நீங்க இந்த ஊர்ல இருக்கீங்கன்னு நான் எழுதலாம். இன்னொரு ஊர்ல இல்லாம இருந்தீங்கன்னு எப்படிங்க எழுத?"

"நான் போகலைங்க சார். அதான் போகணும்ங்கேன்."

"உங்க வாய்மொழி செல்லாது. சாட்சி வேணும். டெல்லிக்குப் போயி வந்த ரெண்டு பேரு, அங்கன உங்களைப் பார்க்கலைன்னு எழுதிக் கொடுக்கணும். டெல்லிக்கே போகாத ஆளு பார்க்கலைன்னு சொன்னா அது சாட்சி ஆகாது."

யோசித்துப் பார்த்தால் அதிலும் ஒரு முறை இருந்தது. மாரிசெல்வம் எப்போதும்வென்றான் என்ற ஊருக்கு பஸ் ஏறி, ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற செண்பகராஜைப் பிடித்தார். செண்பகராஜ் தயங்கவே இல்லை.

"ரெண்டு வருஷம் டெல்லியில டூட்டி பார்த்திருக்கேன். மாரிசெல்வம்ங்கிற ஆளு என் கண்ணுல படலை. பட்டிருந்தா விட்டிருக்க மாட்டேன். எங்க கையெழுத்து?"

பசுவந்தனையில் இருந்த ஸ்டெல்லாமேரி டீச்சர்தான் சங்கடப்பட்டார். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரே ஒரு தடவை டெல்லி போனவர்.

"பொய் எழுத மாட்டேன் அண்ணாச்சி. நான் போன அன்னைக்கு ஒரே பனிமூட்டம். முன்னால போன பிள்ளையே தெரியலை. நீங்க நின்னிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"நான் நிக்கலை டீச்சர்."

"அது உங்களுக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்?"

கடைசியில் 'பனிமூட்டம் நீங்கலாக, பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கிராம நிர்வாக அலுவலர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, சட்டப்படி இதுதான் மிகச் சரியான வாசகம் என்று பாராட்டினார்.

விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு பகல் முழுக்க வரிசையில் நின்றார். ஏப்ரல் கடைசியில் பதில் வந்தது. மாரிசெல்வம் குடும்பம் தேர்வாகிவிட்டது. வேலுத்தாய் அன்றைக்குத் தீப்பெட்டி ஆபீஸில் எல்லோருக்கும் கடலைமிட்டாய் கொடுத்தாள். காவியா கம்பெனிக்குப் போன் போட்டு, ஒரு பத்து நாள் பிந்தி வந்தால் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டாள். ஜூன் பத்து வரைக்கும் இடத்தை வைத்திருப்போம், அதற்கு மேல் முடியாது என்றார்கள்.

"ரயில் என்னைக்கு?" என்று மாரிசெல்வம் வேலை முடிந்து போய் அலுவலகத்தில் கேட்டார்.

"ரயிலுக்கு முன்னால பயிற்சி" என்றார் பிரேமலதா. "மூணு நாளு. குடும்பத்தோட வரணும். சுற்றிப் பார்க்கத் தெரியாம நீங்க டெல்லியில போயி நின்னா வாரியத்துக்குத்தான் அவமானம்."

பயிற்சி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நாற்பது குடும்பங்களும் வந்திருந்தன. மாவட்ட உவகை அலுவலர் ஜெயகிருஷ்ணன் வெள்ளைச் சட்டையில், நெற்றி சுருங்கிய முகத்தோடு மேடை ஏறினார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. உவகையைக் கையாளுகிறவர் அதைத் தொடக்கூடாது என்பது அவர் கொள்கை.

"அன்பான உழைப்பாளிகளே! சுற்றிப் பார்ப்பது சுலபம் என்று நினைக்கிறீர்கள். நான் இந்தத் திட்டத்துக்காகப் பதினாறு தடவை டெல்லி போயிருக்கிறேன். ஒரு தடவைகூட எனக்காகப் போனதில்லை. உங்களுக்கு எந்த ஓட்டலில் வசதி குறைவாக இருக்கும் என்று தெரிந்துகொள்வதற்காக, வசதி அதிகமான ஓட்டல்களில் எல்லாம் தங்கி ஒப்பிட்டுப் பார்த்தேன். என் மனைவி மக்களும் இந்த ஆய்வில் பங்கெடுத்தார்கள். கடைசித் தடவை என் மச்சினர் குடும்பமும் வந்தது. ஆக்ரா வரை அலைந்தார்கள். ஒரு பைசா சம்பளம் வாங்கவில்லை. இப்படிப்பட்ட தியாகத்துக்குப் பிறகு நிதியில் மிச்சமிருப்பதைக் கொண்டு உங்களை அனுப்பப்போகிறோம். அந்த நன்றி உங்கள் முகத்தில் தெரிய வேண்டும். ஆகவே முதல் பாடம், முகம்."

வியப்பு மூன்று வகை என்று சொல்லிக் கொடுத்தார்கள். செங்கோட்டைக்குத் தொன்மை வியப்பு: கண்ணைப் பாதி மூடி, தலையை மெதுவாக ஆட்ட வேண்டும். இந்தியா கேட்டுக்குத் தேச வியப்பு: நெஞ்சை நிமிர்த்தி, நேரே பார்க்க வேண்டும். குதுப்மினாருக்கு உயர வியப்பு: தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து, வாயை ஒரு அங்குலம் திறக்க வேண்டும். ஒரு அங்குலத்துக்கு மேல் திறந்தால் மாவட்டத்துக்குக் கெட்ட பெயர். ஆளாளுக்கு எழுந்து நின்று செய்து காட்டினார்கள். மாரிசெல்வத்துக்கு முதல் இரண்டும் வந்தது. மூன்றாவது வரவில்லை. மூட்டை ஏறி ஏறி அமுங்கிய பிடரி பின்னால் சாய மறுத்தது.

"உயர வியப்பில் முயற்சி தேவை" என்று ஜெயகிருஷ்ணன் பதிவேட்டில் எழுதினார்.

"நான் அவியளுக்கும் சேர்த்துப் பாத்துக்கிடுதேன் சார்" என்றாள் வேலுத்தாய்.

"ஒருவருடைய வியப்பை இன்னொருவர் கணக்கில் எழுத விதியில்லை அம்மா."

மூன்று நாள் பயிற்சிக்குப் பிறகு ஒத்திகை. மே மாசம் பதினான்காம் தேதி, பகல் பன்னிரண்டு மணி. ஊருக்கு வெளியே ஒரு கரிசல் பொட்டல். வெடித்துக் கிடந்த மண்ணில், மேடை அலங்காரம் செய்கிற டேவிட்சன் ப்ளைவுட்டில் ஓர் இந்தியா கேட்டை நிறுத்தியிருந்தார். போன வருஷம் ஒரு பணக்காரக் கல்யாணத்துக்குச் செய்தது. மேலே 'மணமக்கள் வாழ்க' என்று எழுதியிருந்ததை வெள்ளையடித்து மறைத்திருந்தார்கள்.

டெல்லி என்றால் குளிர். ஆகவே படம் எடுக்கும்போது ஸ்வெட்டரும் குல்லாவும் கட்டாயம். நாற்பது குடும்பங்களுக்கும் சேர்த்து வாரியம் மூன்று ஸ்வெட்டர் வாங்கியிருந்தது. ஒரு குடும்பம் கழற்றி அடுத்த குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும். மாரிசெல்வம் குடும்பத்தின் வரிசை எண் இருபத்தேழு. அவர் கைக்கு வந்தபோது ஸ்வெட்டர் இருபத்தாறு பேரின் வேர்வையில் பிழிகிற பதத்தில் இருந்தது. போட்டுக்கொண்டார்.

"குளிர்ச்சி தெரிகிறதா?" என்றார் ஜெயகிருஷ்ணன்.

"தெரியுதுங்க சார்."

"அதுதான் டெல்லி."

அந்த நேரத்தில் காற்று கிளம்பியது. இந்தியா கேட் ஆடியது. டேவிட்சன் பின்னால் ஓடிப்போய் முதுகைக் கொடுத்து நின்றார். "சீக்கிரம் எடுங்க சார், நான் ரொம்ப நேரம் தாங்க மாட்டேன்" என்று இந்தியா கேட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. மூன்று பேரும் நெஞ்சை நிமிர்த்தி நேரே பார்த்தார்கள். படம் எடுத்தாகிவிட்டது.

குதுப்மினாருக்குப் பதில் தண்ணீர்த் தொட்டி. பூமிக்கடியில் போகும் ரயிலுக்குப் பதில், ரயில் பாதைக்குக் கீழே உள்ள சுரங்கப்பாதை. முந்தின வாரம் பெய்த கோடை மழை அதற்குள்தான் தங்கியிருந்தது. வேலுத்தாய் சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு பக்கம் இறங்கி மறு பக்கம் ஏறினாள்.

"ரயில் இல்ல. ஆனா பூமிக்கடியில தண்ணி இருக்கத்தான் செய்யுது" என்று மகளிடம் சொன்னாள்.

காவியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒத்திகைதானம்மா. அங்க போயி உண்மையான ரயிலைப் பாப்போம்."

எல்லாம் முடிந்து பிரேமலதா ஒரு மேஜை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு குடும்பத்திடமும் ஆறு தாளில் கையெழுத்து வாங்கினார். மாரிசெல்வம் ஆறிலும் போட்டார். ஆறாவது தாள் 'பயண நிறைவுப் படிவம்'. நாங்கள் டெல்லியைப் பார்த்து முடித்தோம், மிக்க மகிழ்ச்சி அடைந்தோம் என்பது அதன் வாசகம்.

"அப்பா, இது போயிட்டு வந்த பெறவு போடுறதுல்லா?" என்றாள் காவியா.

மாரிசெல்வம் மகளைப் பார்த்துச் சிரித்தார். அவர் தொழிலில் லாரியின் பின்கதவு திறந்ததும் டிரைவர் ஒரு சீட்டை நீட்டுவார். 'எல்லா மூட்டையும் ஏற்றியாகிவிட்டது' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் முதல் மூட்டையைத் தூக்குவார்கள். வேலை முடிந்தபிறகு வேர்வைக் கையால் போட்டால் தாள் நனைந்து கிழிந்துபோகும். அதனால் அப்படி ஒரு பழக்கம். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கையெழுத்துப் போட்டு, ஏற்றாமல் விட்ட மூட்டை ஒன்று கிடையாது. எந்த டிரைவரும் சீட்டு வாங்கிக்கொண்டு லாரியை எடுத்துக்கொண்டு ஓடியதும் கிடையாது.

"முன்னாலயே போட்டுக் குடுக்கிறதுதாம்ட்டி முறை. நம்பித்தான குடுக்கோம்" என்றார்.

மற்ற முப்பத்தொன்பது பேரும் மூட்டை தூக்குகிறவர்கள்தான். அவர்களும் அப்படியே போட்டார்கள்.

மே இருபத்திரண்டாம் தேதி காவியாவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. ரயில் தேதி என்று நினைத்துச் சத்தமாகப் படித்தாள்.

"அன்புடையீர், தங்கள் குடும்பத்தின் தலைநகர் தரிசனம் இனிதே நிறைவுற்றது. தங்கள் மதிப்பீடு: மிக்க மகிழ்ச்சி. நன்றி."

வேலுத்தாய் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு, "இன்னொரு தடவை படிட்டி" என்றாள். காவியா படித்தாள். செய்தி மாறவில்லை.

மறுநாள் மாரிசெல்வம் ஜெயகிருஷ்ணன் முன்னால் நின்றார். அலுவலர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். ஸ்வெட்டர் போட்ட மூன்று பேர், பின்னால் இந்தியா கேட். பக்கத்தில் பச்சை நிறத்தில் 'பயன் பெற்றார்' என்று இருந்தது.

"சார், இது நம்ம பொட்டல்ல எடுத்தது. நீங்களும் இருந்தீங்க."

"இருந்தேன். ஆனால் கணினி அங்கே இல்லை. அது படத்தைத்தான் பார்க்கிறது. படம், கையெழுத்து, மதிப்பீடு மூன்றும் ஏறிவிட்டால் அது கோப்பை மூடிவிடும். அதை நானே நினைத்தாலும் திறக்க முடியாது."

"அப்ப எங்களைக் கூட்டிட்டுப் போக வச்ச காசு?"

ஜெயகிருஷ்ணன் முதன்முறையாகக் கொஞ்சம் வருத்தப்பட்டார். "நீங்கள் போய் வந்ததில் செலவாகிவிட்டது."

"நான் போகலையே சார்."

"அதை நிரூபிக்க வேண்டும். உங்களிடம் முன்னர் காணாமைச் சான்று இருக்கிறது. அது முன்னருக்குத்தான் செல்லும். பின்னர் காணாமைக்கு வாரியத்தில் படிவமே கிடையாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கவலைப்படாதீர்கள். 'மறு தரிசனம்' என்று ஒரு புதுத் திட்டம் வருகிறது. ஏற்கனவே பார்த்தவர்களுக்கு மட்டும். பார்க்காதவர்கள் விண்ணப்பிக்கவே முடியாது. நீங்கள் பார்த்தவர். அந்த வகையில் அதிர்ஷ்டசாலி. முப்பத்தொன்றாம் தேதி நிறைவு விழா. வாரியத் தலைவரே வருகிறார். உங்கள் டெல்லி அனுபவத்தை மேடையில் பேசுங்கள். அன்றைக்கே அறிவிப்பார். அடுத்த நாளே ரயில்."

வீட்டில் மூன்று பேரும் கணக்குப் பார்த்தார்கள். ஜூன் ஒன்றாம் தேதி ரயில் ஏறினால் பத்தாம் தேதிக்குள் திரும்பிவிடலாம். அங்கிருந்து நேரே திருப்பூர். வேலுத்தாய் ஒரு துணிப்பையில் மூன்று பேருக்கும் உடுப்பு எடுத்து வைத்தாள்.

"என்னத்தப் பேசுவீங்க?" என்று கேட்டாள்.

"பார்த்ததைப் பேசுதேன்."

விழா அதே கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாரியத் தலைவர் மாயகிருஷ்ணன் வெல்வெட் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கேடயம் கொடுத்தார்கள். பிறகு மாரிசெல்வத்தை மைக் முன்னால் நிறுத்தினார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றார் மாரிசெல்வம். "டெல்லி பெரிய ஊருன்னு சொன்னாங்க. நான் பார்த்த டெல்லியில ஒரு வாசல் இருந்துச்சு. உள்ள நுழைஞ்சோம். நுழைஞ்சதும் வெளிய வந்துட்டோம். உள்ளன்னு ஒண்ணு இல்லை. பின்னால போயிப் பார்த்தேன். ரெண்டு சவுக்குக் கம்பு முட்டுக் குடுத்திருந்தாங்க. காத்து அடிச்சுது, வாசல் ஆடுச்சு. நம்மள மாதிரி ஒரு ஆளு முதுகக் குடுத்துத் தாங்கிட்டு நின்னாரு. அவரு தாங்குற வரைக்கும் அது நிக்கும் போல. படத்துல அவரு தெரிய மாட்டாரு. அவ்வளவுதான் நான் பார்த்தது."

மண்டபத்தில் முப்பத்தொன்பது குடும்பங்கள் கைதட்டின. ரொம்ப நேரம் தட்டின. மாயகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"எனக்குப் பேச்சே வரவில்லை! ஒரு சாதாரண உழைப்பாளி தலைநகரை எவ்வளவு ஆழமாகப் பார்த்திருக்கிறார்! நான் டெல்லிக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். பின்னால் ஓர் ஆள் தாங்கிக்கொண்டு நிற்பதை ஒரு நாளும் கவனித்ததில்லை. எனக்கு எப்போதும் முன்வரிசையில்தான் இடம் கொடுப்பார்கள். இதைக் கேட்ட பிறகு மறு தரிசனத் திட்டத்தை இந்த மேடையிலேயே தொடங்கி வைக்கிறேன். விதி மிக எளிது. யார் டெல்லியை அதிக தடவை பார்த்திருக்கிறார்களோ அவர்களுக்கு முன்னுரிமை. அந்த வகையில் பதினாறு தடவை பார்த்த நம் ஜெயகிருஷ்ணன் அவர்கள் குடும்பம் முதலில் செல்கிறது. ஒரே தடவை பார்த்த உழைப்பாளிகளுக்குப் படிப்படியாக வாய்ப்பு வரும். பதினாறிலிருந்து ஒன்றுக்கு இறங்கி வர ஒரு பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகலாம். உவகை என்பது காத்திருப்பதில்தான் இருக்கிறது!"

ஜெயகிருஷ்ணன் இன்னொரு தியாகத்துக்குத் தயாரான முகத்தோடு எழுந்து கும்பிட்டார்.

காவியா அன்று சாயங்காலமே திருப்பூர் பஸ்ஸில் ஏறினாள். பத்தாம் தேதி வரை காத்திருப்பதற்கு இனிக் காரணம் இல்லை. வேலுத்தாய் எடுத்து வைத்திருந்த துணிப்பையிலிருந்து தங்கள் இரண்டு பேர் துணியையும் உருவிவிட்டு, மீதியை அவள் கையில் கொடுத்தாள். கேடயத்தைப் பைக்குள் வைக்கப் போனாள். காவியா வேண்டாம் என்று எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

"விடுதியில யாரும் கேட்டா என்னம்மா சொல்ல?"

"டெல்லி பார்த்தாச்சுன்னு சொல்லு. எழுத்துல இருக்கு."

பஸ் கிளம்பியது. கூட்டத்தில் காவியாவின் முகம் எந்த ஜன்னலில் இருக்கிறது என்று இருவருக்கும் தெரியவில்லை. பொதுவாக எல்லா ஜன்னலுக்கும் கையை ஆட்டினார்கள்.

"மூணு வருஷம்" என்றாள் வேலுத்தாய்.

பஸ் திரும்பி மறைந்த பிறகும் மாரிசெல்வம் தூக்கிய கையை இறக்கவில்லை.

ஜூன் ஒன்றாம் தேதி காலையில் குடோனில் மக்காச்சோள லாரி வந்து நின்றது. கருத்தையா தலைத்துண்டைக் கட்டிக்கொண்டே, "வாலே டெல்லிக்காரா" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பில் கள்ளம் இல்லை. அவர்களிலும் இரண்டு பேருக்குக் கேடயம் வந்திருந்தது.

"எத்தனை நாளு அண்ணாச்சி ஆகியிருக்கு?" என்றார் மாரிசெல்வம்.

கருத்தையா விரல் விட்டு எண்ணினார். "டாக்டருக்கு ஒண்ணு. சாட்சிக்கு ஒண்ணு. மனு குடுக்க ஒண்ணு. படிப்புக்கு மூணு. ஸ்வெட்டருக்கு ஒண்ணு. சண்டைக்குப் போனது ஒண்ணு. நேத்து ஒண்ணு. ஒம்பது நாளு. அறுநூத்தி முப்பது நடை."

டெல்லிக்குப் போய் வர ஒன்பது நாள் என்றுதான் வாரியமும் சொல்லியிருந்தது. போகாமல் இருப்பதற்கும் அதே ஒன்பது நாள் ஆகியிருந்தது.

கூட்டத்தில் இளகிய மனசுக்காரன் ஜெயபாண்டி குறுக்கே வந்தான். "போகாத டெல்லிக்கு என்ன அண்ணாச்சி கணக்கு? விட்டுத் தள்ளுங்க."

"டெல்லிக்கு இவன் போகலை" என்றார் கருத்தையா. "மூட்டை போயிருக்குல்லாலே. நாம சுமந்துதான போச்சு."

அது சரி என்றுதான் மாரிசெல்வத்துக்கும் பட்டது. அந்த ஊரில் அவருக்குத் தெரிந்த கணக்குகளிலேயே அது ஒன்றுதான் சரியாக இருந்தது.

டிரைவர் சீட்டை நீட்டினார். மாரிசெல்வம் வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு டிரைவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"முடிச்சிட்டுப் போடுதேன்."

"கை நனைஞ்சிருமே அண்ணாச்சி."

"நனையட்டும்."

தன் பங்கு எழுபது நடையையும் சுமந்து முடித்தார். மற்றவர்கள் சாப்பிட உட்கார்ந்த பிறகு, அவர்கள் பங்கில் இருந்து இருபது மூட்டையைத் தோளில் ஏற்றிக் கொண்டுபோய் லாரியில் சேர்த்தார்.

கருத்தையா கூட்டத்துக்கு மாரிசெல்வம் கொடுக்க வேண்டியது இன்னும் அறுநூற்றுப் பத்து நடை.